கையெழுத்து விழாத கட்டம்: லெந்து நாட்களில் ஒரு வீட்டுக்குத் துணைபோன அனுபவம்

படுத்த படுக்கையான மாமியாரைக் கவனித்துவந்த ஒரு மருமகளுக்குக் கைகொடுக்கச் சபையாகப் போன கதை இது. 2024 லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய உபவாசக் காலத்தில், எங்கள் சபையில் நடந்தது. தரங்கம்பாடி மிஷன் வழிவந்த லுத்தரன் சபை. ஏறக்குறைய 90 குடும்பங்கள். அப்போது நான் சபைக் கமிட்டியின் செயலாளர். இதில் நடந்த பெரிய தவறு என்னுடையது. அதனால் எழுதும் வேலையும் என்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்ததும் அந்த வீட்டில் வாசித்துக் காட்டினேன். மருமகள் இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அவருடைய கணவர், "பேர் வராதுன்னா சரி" என்றார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

## பின்னணி

எங்கள் பெரியவர்கள் சபைக் கதையை 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்துதான் தொடங்குவார்கள். லெந்து நாட்களில் அந்தப் பழமை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பழைய மிஷனரி பெப்ரிசியஸ் ஐயர் காலத்து ஞானப்பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடுவோம். புதன்கிழமை ஆராதனையில் இயேசு பட்ட பாடுகளின் சரித்திரத்தை வாரம் ஒரு பகுதியாக வாசிப்போம். நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகக் கோத்து வாசிக்கும் இந்த வழி, ஜெர்மனியின் விட்டன்பர்க்கில், எங்கள் சபைப் பிரிவுக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி லுத்தருக்கே போதகராக இருந்த புகன்ஹாகன் தொகுத்த வழி.

இதற்கு அடுத்தபடியாக சபையார் பெரிதாக நினைப்பது வீட்டு ஜெபம். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்று ஆராதனை முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவோம். தேதிகள் கட்டம் கட்டமாக இருக்கும். எந்த நாளில் யார் வீட்டில் ஜெபம் என்று அவரவர் பேனாவால் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வீட்டுக்காரர் நாற்காலி வாடகைக்கு எடுப்பார், டீ போடுவார். ஒரு வீட்டில் சுண்டல் என்றால் அடுத்த வீட்டில் கேசரி வரும். உபவாச நாட்களில் இப்படி ஒரு போட்டி நடப்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நான் உட்பட.

2024-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14, ஈஸ்டர் மார்ச் 31.

அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக எங்கள் சபையில் இருக்கிறது. மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. முந்தைய அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. மருமகளின் கணவருக்குத் திருப்பூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வருவார். மருமகள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். ஒரே மகன் பிளஸ் டூ. மார்ச் 1-ஆம் தேதி பரீட்சை தொடங்க இருந்தது.

சபை இவர்களை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நோயாளிகளுக்கான ஜெபத்தில் ஒவ்வொரு ஞாயிறும் மாமியாரின் பெயரைச் சொன்னோம். எங்கள் போதகரான ஐயர் மாதம் ஒருமுறை வீட்டுக்கே போய் இராப்போஜனம், அதாவது திருவிருந்து, கொடுத்தார். அக்டோபரிலிருந்து ஆராதனைக்கு வராமல் இருந்தது மருமகள். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. "வீட்டுல ஆள் படுத்திருக்கு, எப்படி வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

## கவனித்தது

பிப்ரவரி 18, லெந்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "இந்த வீட்டுல வருஷா வருஷம் மூணாவது வாரம் போடுவாங்க. இந்த வருஷம் கட்டம் காலியா இருக்கே?" நான் சாதாரணமாக, "அந்தம்மா முடியாம இருக்காங்கல்ல" என்றேன். டீச்சர், "அந்தம்மாவா கையெழுத்துப் போடுவாங்க? மருமகதானே" என்றார்.

செவ்வாய்க்கிழமை டீச்சர், ஐயர், நான் மூவரும் போனோம்.

கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு நோட்டு ஆணியில் தொங்கியது. மகனுடைய பழைய இயற்பியல் ரெக்கார்டு நோட்டு. பின்பக்கத் தாள்களில், "2 மணி வலது, 4 மணி இடது, 6 மணி மல்லாக்க" என்று ராத்திரி பகல் எல்லா நேரமும் எழுதியிருந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தையல் மெஷின்மேல் கட் பண்ணிய ஜாக்கெட் துணிகள், ஒவ்வொன்றிலும் அளவுச் சீட்டு குத்தியிருந்தது. மேலே இருந்த சீட்டில் பொங்கலுக்கு முந்தைய தேதி.

மருமகள் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் உட்காராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "அத்தை காதுல விழுற மாதிரி ஜெபம் பண்ணுங்கய்யா, கேட்டா கண்ணு அசையும்" என்றார். ஐயர் ஜெபித்தார். பரமண்டல ஜெபத்துக்கு வந்தபோது மருமகளின் குரல் மட்டும் எங்களோடு சேரவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், நிலையில் சாய்ந்தபடியே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் துவாலை அப்படியே இருந்தது.

எழுப்ப வேண்டாம் என்று டீச்சர் கையால் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மருமகள் அப்படியே சரிந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார், முழிக்கவில்லை. நாங்கள் முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணிக்கு அவருடைய போனில் அலாரம் அடித்தது.

## எடுத்த முடிவுகள்

எழுந்தவரிடம் நான் வழக்கம்போல, "என்ன தேவைன்னாலும் சொல்லுங்கம்மா" என்றேன். "ஒண்ணும் வேண்டாங்கண்ணே, பழகிப்போச்சு" என்றார். டீச்சர் கேள்வியை வேறுவிதமாகக் கேட்டார். "ஒரு நாளைக்கு எந்த நேரம் உனக்கு ரொம்பக் கஷ்டம்?" யோசிக்காமல் பதில் வந்தது. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. புரட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும், கஞ்சி ஏற்ற வேண்டும். மகன் பசியோடு வருவான், துணி கேட்டு ஆட்கள் வருவார்கள். எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

அந்த வாரமே கமிட்டி கூடினது. பணமாகக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். வேறு சிலர் ஆள் வைக்கலாம் என்றார்கள். லெந்துக் காணிக்கை அந்த வருஷம் காம்பவுண்டுச் சுவருக்கு என்று அறிவித்திருந்தது. அதை மாற்றினால் வழக்கம் கெட்டுவிடும் என்று ஒரு மூப்பர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. சொல்லி வாங்கிய காணிக்கையை வேறு காரியத்துக்குத் திருப்பினால் அடுத்த வருஷம் கேள்வி வரும். ஐயர் ஜெர்மனியில் உள்ள லைஸ்னிக் ஊர்ச் சபையைப் பற்றிச் சொன்னார். 1523-இல் அந்த ஊரார் பொதுப்பெட்டி ஒன்றுக்கு ஒழுங்கு எழுதினார்கள், லுத்தர் அதற்கு முன்னுரை எழுதினார். போதகர் சம்பளமும் கட்டடப் பராமரிப்பும் முதியோர், நோயாளிகளின் செலவும் எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்துதான். "சுவரும் அந்தம்மாவும் ஒரே பெட்டியில இருந்தவங்கதான்" என்றார். கடைசியில், காணிக்கையில் ஒரு பகுதியைப் பொதுவாக நோயாளிகளுக்கு என்று ஒதுக்கி, அந்த வீட்டுக்கு வேண்டிய டயப்பருக்கான பணத்தை மருந்துக்கடையிலேயே கட்டிவிடுவது என்று முடிவானது. வீட்டில் கொண்டுபோய் உறை நீட்டினால் வாங்கமாட்டார்கள் என்று டீச்சர் அடித்துச் சொன்னதால் இப்படி.

ஆனால் மருமகள் சொன்னது நேரத்தைப் பற்றி, பணத்தைப் பற்றி அல்ல. அதனால் வாரத்தில் 5 நாள், சாயங்காலம் 4 முதல் 6 வரை, இரண்டு இரண்டு பெண்களாகப் போவது என்று பட்டியல் போட்டோம். 14 பேர் பெயர் கொடுத்தார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் நர்ஸ், எப்படிப் புரட்டுவது, எங்கே தலையணை வைப்பது, குதிகாலிலும் இடுப்பெலும்பிலும் சிவப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தார். குழாயில் கஞ்சி ஏற்றுவதை மட்டும் மருமகளைத் தவிர யாரும் தொடக் கூடாது என்றார். தலையைச் சரியாக உயர்த்தாமல் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடுமாம்.

ஆண்களுக்குப் பட்டியலில் வேலையே வைக்கவில்லை. ரேஷன் கடை, சிலிண்டர் என்று ஏதோ சொன்னோம், அவ்வளவுதான்.

## முதல் இரண்டு வாரம்

பிப்ரவரி 26 திங்கள் அன்று தொடங்கினோம். முதல் இரண்டு நாள் மருமகள் தூங்கவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டார். மூன்றாம் நாள் டீச்சர் பிளாஸ்கில் டீ கொண்டுபோய், "இது உனக்கு, குடிச்சிட்டு அந்த ரூம்ல போய்ப் படு" என்று அனுப்பினார். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் தூங்கினாராம். அடுத்த வாரத்தில் ஜாக்கெட் துணிகள் குறைய ஆரம்பித்தன. மகன் பரீட்சைக்குப் படிக்க டீச்சர் வீட்டு மாடிக்குப் போனான். ஒருநாள் போன பெண்களில் ஒருவர் இடது குதிகாலில் சிவப்பைப் பார்த்துச் சொல்ல, புண்ணாகும் முன்பே நர்ஸ் அதைக் கவனித்துவிட்டார்.

சபையில் பேச்சு பரவியது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

## மார்ச் 10

பட்டியலில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மாற்று ஆள் வேண்டும். ஞாயிறு சாயங்காலம் சபை வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு ஜெபக்குறிப்புப் போட்டேன். ஒரு சகோதரி தனியாளாக மாமியாரைக் கவனித்து வருகிறார், கணவர் வெளியூர், பார்க்க ஆளில்லை, ஜெபியுங்கள், உதவிக்கு முன்வாருங்கள் என்று எழுதினேன். டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்திருப்பது போல ஒரு படமும் சேர்த்தேன். முந்தைய வாரம் பட்டியலைக் கொடுக்கப் போனபோது எடுத்தது. முகம் தெரியவில்லை, பெயரும் போடவில்லை என்ற திருப்தி வேறு.

படத்தில் பின்சுவர் தெரிந்தது. சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ தெரிந்தது.

திருப்பூரில் இருந்த கணவர் அன்று ராத்திரியே பார்த்துவிட்டார். அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார், எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. ஐயர் போன் செய்து சொன்ன பிறகு அழித்தேன். அதற்குள் நான்கு மணி நேரம் ஓடிவிட்டது, இரண்டு குழுக்களுக்குப் போயும் விட்டது. செவ்வாய் காலை கணவர் வந்து இறங்கினார். அன்று சாயங்காலம் போன பெண்களை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே யாரும் வர வேண்டாங்க" என்று சொல்லி அனுப்பினார். மருந்துக்கடையில் நாங்கள் கட்டிய பணத்தையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

## அதன்பின் செய்தது

ஞாயிறு ஆராதனையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கலாம் என்று ஐயர் நினைத்தார். டீச்சர் வேண்டாம் என்றார். "இன்னொரு தரம் அவங்க வீட்டுக் கதையை நூறு பேர் முன்னாடி பேசப்போறோமா?" அது சரியான பேச்சு. பத்துக் கற்பனைகளில், அதாவது கட்டளைகளில், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதை மற்ற பல சபைகள் ஒன்பதாம் கற்பனை என்று எண்ணுகின்றன. நாம் எட்டாம் கற்பனை என்கிறோம். ஞானோபதேச வகுப்பில் அதற்கு லுத்தர் எழுதிய விளக்கத்தை நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அயலானைக் காட்டிக்கொடுக்காதே, அவன் பெயரைக் கெடுக்காதே என்பதோடு அது நிற்காது. அவனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்வதை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்று போகும். நான் எழுதியதில் அப்பட்டமான பொய் இல்லை. கணவர் வெளியூரில்தான் இருக்கிறார். ஆனால் "பார்க்க ஆளில்லை" என்ற இரண்டு வார்த்தை அவரைத் தாயைக் கைவிட்டவர் ஆக்கிவிட்டது.

புதன்கிழமை தனியாகப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசினோம். "அந்த ஏர் பெட் யாரு வாங்கினது தெரியுமா சார் உங்களுக்கு?" என்று கேட்டார். சம்பளத்தில் முன்பணம் வாங்கி அவர்தான் வாங்கியிருக்கிறார். சனி ஞாயிறு வந்தால் ராத்திரி முழுக்கப் புரட்டுவது அவர்தான். நோட்டில் சில பக்கங்களில் கையெழுத்து வேறு மாதிரி இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குழுவிலேயே திருத்தம் போடுகிறேன் என்றேன். "வேற ஒண்ணும் எழுதாதீங்க" என்றார். எழுதவில்லை. அதனால் அந்தத் தப்பான செய்தி திருத்தப்படாமலே நின்றுவிட்டது. இன்றும் சிலர் அதைத்தான் நம்புகிறார்கள்.

இன்னொன்று அந்த வாரம்தான் தெரிந்தது. அக்டோபரிலிருந்தே பக்கத்து வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் வந்து புரட்டுவதற்குக் கைகொடுத்திருக்கிறார். அவர் எங்கள் சபை இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. நாங்கள் பட்டியலோடு வந்ததும் அவர் நின்றுவிட்டார். பிறகு டீச்சரிடம், "உங்க ஆளுங்க கூட்டமா வர்றாங்க, நான் எதுக்கு நடுவுலன்னு இருந்துட்டேன்" என்றாராம். நாங்கள் போவது நின்றபோது, நாங்களும் இல்லை, அவரும் இல்லை. கணவர் வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் நர்ஸ் வந்தபோது இடுப்பில் கொப்புளம் ஒன்று இருந்தது. இதற்கு நீங்கள்தான் காரணம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய நோட்டில், அந்த நாட்களின் சாயங்காலக் கட்டங்களில் பாதி காலியாக இருந்தன.

டீச்சர் இந்தத் தடவை அந்த வீட்டுக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டுக்குப் போனார். மார்ச் 18-இலிருந்து அந்த அக்கா மறுபடி போக ஆரம்பித்தார். கூடமாட யார் வரலாம் என்று மருமகளையே கேட்கச் சொன்னார். மருமகள் இரண்டு பேர் பெயர் மட்டும் சொன்னார், ஒருவர் டீச்சர். பதினான்கு பேர் பட்டியல் அதோடு முடிந்தது. மற்றப் பன்னிரண்டு பேரில் சிலருக்கு வருத்தம். "நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தப்புப் பண்ணியது நான் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

## ஈஸ்டரும் அதற்குப் பிறகும்

மார்ச் 28, பெரிய வியாழன். கணவர் விடுப்பில் வந்து தாயோடு இருந்தார், மருமகளும் மகனும் இராப்போஜன ஆராதனைக்கு வந்தார்கள். அக்டோபருக்குப் பிறகு அவர் கோயிலுக்குள் வந்தது அன்றுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரும் சுற்றிக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம், ஓரளவு கேட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் எதிர்பார்த்ததுதான் நடந்தது. லெந்து முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று சபைக்கு ஒரு மனநிலை வந்துவிடுகிறது. மருமகள் பெயர் சொன்ன இரண்டு பேரில் ஒருவர், பேரப்பிள்ளை பிறந்ததால் மே மாதத்தோடு நின்றுவிட்டார். டீச்சரும் பக்கத்து வீட்டு அக்காவும் கடைசிவரை போனார்கள். கொப்புளம் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆகஸ்டில் அந்த அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர் பக்கத்து வீட்டு அக்காவின் மகன்.

## இனி வேறுவிதமாகச் செய்வது

முதலாவது, போன உடனே கேட்க வேண்டியது, "ஏற்கெனவே யார் யார் கைகொடுக்கிறார்கள்?" என்பதை. அதைக் கேட்காமல் பட்டியல் போட்டதுதான், என்னுடைய வாட்ஸ்அப் காரியத்தைவிடவும், அந்த அம்மாவின் உடம்பில் தெரிந்த பிழை. இருக்கிற உதவிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டுமே தவிர, முன்னால் போய் நிற்கக் கூடாது. 14 பேர் என்பதும் அதிகம். ஐந்து நாளில் பத்து முகம் மாறி மாறி வந்தால், படுத்திருப்பவருக்கும் பயம், வீட்டுக்காரருக்கும் கூச்சம். மூன்று பேர் போதும் என்பது இப்போது என் எண்ணம், அதையும் அந்த வீட்டார்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணவரிடம் முதல் நாளே ஒரு போன் பேசியிருக்க வேண்டும். மருமகளிடம் சம்மதம் கேட்டோம், வீட்டுக்காரரை ஆள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் தூரத்தில் இருந்ததால் பொறுப்பிலும் தூரம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

ஜெபக்குறிப்பு எதுவும் இப்போது குழுவில் போவதில்லை. சம்பந்தப்பட்டவர் ஒத்துக்கொண்ட வார்த்தைகளை மட்டும் ஐயர் ஆராதனையில் வாசிக்கிறார், சில வாரம் வெறும் பெயர்தான். கவனித்துக்கொள்பவரின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டுச் சேர்க்கிறோம். சில பேர் வேண்டாம் என்கிறார்கள்.

பிப்ரவரி 18 அன்று ஐயர் பிரசங்கித்தது, 1522-இல் லுத்தர் தாம் ஒளிந்திருந்த வார்ட்பர்க் கோட்டையிலிருந்து விட்டன்பர்க்குக்குத் திரும்பி வந்து, இதே லெந்தின் முதல் ஞாயிறு தொடங்கி எட்டு நாள் செய்த பிரசங்கங்களைப் பற்றி. அன்றைக்கு எனக்கு அது சரித்திரப் பாடமாகத்தான் கேட்டது. விட்டன்பர்க்கில் அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் செய்த சீர்திருத்தங்களில் பல சரியானவைதான். அவருடைய சங்கடம், அவற்றை அவசரப்பட்டுத் திணித்து, பலவீனரை மிதித்துக்கொண்டு போனார்களே என்பது. பின்னால் அந்தக் குறிப்பை ஐயரிடம் வாங்கித் திரும்ப வாசித்தேன்.

மாற முடியாத ஒன்று ஆண்கள் விஷயம். ராத்திரிப் புரட்டலுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று 2025-இல் இன்னொரு வீட்டுக்காகக் கேட்டோம். ஒருவர்தான் பெயர் கொடுத்தார்.

அந்த வருஷம் சாம்பல் புதன் மார்ச் 5. வீட்டு ஜெபத்துக்குத் தாளைப் பலகையில் ஒட்டவில்லை. மூப்பர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள், யார் வீட்டிலும் டீ, பலகாரம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். சுண்டல் போய்விட்டதே என்று நேரடியாகக் குறைப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது வாரக் கட்டத்தில் மருமகளின் கையெழுத்து இருந்தது. ஜெபத்துக்கு நானும் போயிருந்தேன். கணவரும் வந்திருந்தார், நாற்காலி எடுத்துப் போட்டார், ஸ்தோத்திரம் சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் அவர் இன்னும் திரும்பச் சேரவில்லை.